நாள் தள்ளும் மாத்திரை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் எப்போதும் ஏதாவது ஒரு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கும். கடையில் பெண் நான் ஒருத்திதான் என்பதால் பெண்கள் சமாச்சாரம் எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குக் கால் கடுத்துவிடும். முதலில் ஒரு தலைவலி மாத்திரை. பிறகு குழந்தைக்குச் சளி மருந்து. பக்கத்தில் நிற்கும் ஆம்பளை மருந்தை வாங்கிக்கொண்டு நகரும்வரை செல்போனைப் பார்ப்பதுபோல ஒரு பாவனை. அப்புறம்தான் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து, "யக்கா, பால் குடுக்கையில உண்டாகுமா?" காப்பர்-டி நெஞ்சு வரைக்கும் ஏறிவிடுமாமே? அவசரத்துக்குப் போடுகிற மாத்திரையை வாரா வாரம் போடலாமா? அவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால் ஒன்றும் ஆகாதுதானே? கீழே அரிப்பு, ஆனால் டாக்டரிடம் காட்டக் கூச்சம். நானும் குனிந்தபடியே சொல்வேன்: உண்டாகும், ஏறாது, போடக் கூடாது, ஆகும், கூச்சப்படாமல் போய்க் காட்டு.

ஆரம்பத்தில் ஆர்வமாகத்தான் இருந்தது. ஒருத்தி ஒன்று கேட்டால் நான் நாலு சொல்வேன். கேள்விகள் மாறவே இல்லை, எனக்குத்தான் சலித்துவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் என்ற வழக்கம் எப்போது வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கடையில் முகூர்த்த மாதங்களில் அள்ளிக்கொண்டு போவது நாள் தள்ளும் மாத்திரை. ஊரில் சாமிக்குக் காப்புக் கட்டினாலும் அப்படித்தான். வீட்டு விசேஷத்தின்போது தீட்டு வந்துவிடக் கூடாதே என்று, மாதவிலக்கைப் பத்து நாள் ஒத்திப்போடுவதற்காகப் போடுவது. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எல்லாத் தேதியையும் பஞ்சாங்கத்தைக் கேட்டுக் குறிப்பார்கள். மருமகளைக் கேட்டுக் குறித்த வீட்டை நான் பார்த்ததில்லை. குறித்த பிறகு, "ஏத்தா, உனக்கு எப்ப?" என்று ஒரு கேள்வி வரும். மறுநாள் அவள் எங்கள் கடையில் நிற்பாள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்படி வந்தவள்தான், நத்தம் ரோட்டில் ஒரு கிராமத்துப் பெண். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. அது இரண்டாவது. மூத்ததைப் போலவே அதுவும் ஆபரேஷன். புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. வைகாசியில் நாத்தனாருக்குக் கல்யாணம், இவள்தான் விளக்கு எடுக்க வேண்டும்.

"எத்தன நாளைக்கி முன்னாடி ஆரம்பிக்கணும்க்கா?"

"மூணு நாள் முன்னாடி. காலையில, மத்தியானம், ராத்திரின்னு ஒண்ணொண்ணு. நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

அம்புட்டுதான் சொன்னேன். அவளுக்குப் பின்னால் ஒருவர் இருமல் மருந்துக்குக் கத்திக்கொண்டிருந்தார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. இந்தத் தடவை தலைவலி மாத்திரை, சளி மருந்து எதுவும் இல்லை, நேராக விஷயத்துக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, ஒடம்புச் சூடு தணிய ஏதாச்சும் குடுங்க. அந்த மாத்திரை சூட்டுல இன்னும் தீட்டு வரல. எளநி குடிச்சுப் பாத்தேன், வெந்தயம் ஊறப்போட்டுத் தின்னேன், ஒண்ணுக்கும் கேக்கல."

"உங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு எப்ப வந்தாரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டாக."

"ஒண்ணா இருந்தீகளா? உறை ஏதும் போட்டாரா?"

என்னை அசடைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எதுக்குக்கா? அந்த மாசந்தேன் மாத்திரை போடப்போறமேன்னு நாந்தேன் வேணாம்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், உடனே என்மேல். இது தேதியைத் தள்ளும், கருவைத் தடுக்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பதினோரு வருடத்தில் எத்தனை பேருக்கு இந்த மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! ஒருத்தியிடமும் இதைச் சொன்னதில்லை, அவர்கள் கேட்காததால்.

பரிசோதனை அட்டையைக் கொடுத்துக் கடைக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்கு அனுப்பினேன். வந்து அட்டையை நீட்டினாள். இரண்டு கோடு, அழுத்தமாக. அவள் அழவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கலைக்கிற மாத்திரை இருக்குல்லக்கா, அதக் குடுங்க. செத்த நேரத்துல பஸ்ஸு. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா பெத்துக்கன்னுருவாக. இன்னொருக்கா வயித்தக் கிழிச்சா நான் பொழைக்க மாட்டேன்."

"ஏத்தா, போன தடவை கிழிச்சதே இன்னும் பச்சையாத்தான் இருக்கும். வீட்டுல வச்சு ரத்தம் நிக்காமப் போச்சுன்னா யாரு தூக்கிட்டு ஓடுவா?" என்று சத்தம் போட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இம்புட்டு வருடமாகக் குனிந்து குனிந்து பேசிய சங்கதி, அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தமாக வந்தது.

முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று ஸ்கேன் எடுத்து, மறுபடி வரிசையில் நின்றோம். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. உள்ளே ஒரு பெண் டாக்டர். மாத்திரை போட்ட கதையை இவளே அவரிடம் சொன்னாள். ஏழு வாரம் என்றார். வேண்டாமென்றால் இங்கேயே முறையாகச் செய்துகொள்ளலாம், தழும்பு இருப்பதால் வீட்டில் எதுவும் போட்டுக்கொள்ளாமல் இங்கேயேதான் வர வேண்டும் என்றார்.

"கையெழுத்து யாரு போடணும்?" என்று இவள் கேட்டாள்.

"நீதாம்மா. வேற யாரும் வேண்டியதில்லை."

"எங்க வீட்டுக்காரரு?"

"உனக்குப் பதினெட்டு தாண்டியாச்சு. நீ போட்டாப் போதும்."

அதைக் கேட்டபிறகுதான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமே வராமல். அழுது முடித்து, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "அந்த மாத்திரையைக் குடுத்தவங்க, இது கர்ப்பத்தைத் தடுக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையா? எந்தக் கடை அது?" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. அவள் முந்திக்கொண்டாள்.

"பழனிக்குப் போறப்ப வழியில ஏதோ ஒரு கடை, டாக்டரம்மா. ஞாபகமில்ல."

"இவங்க யாரு?"

"தெரிஞ்ச அக்கா. இவுகதேன் கையப்பிடிச்சுக் கூட்டியாந்தாக."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்ல காரியம் பண்ணுனீங்கம்மா. உங்களை மாதிரி ஒருத்தர் எல்லாருக்கும் கிடைக்கிறதில்லை" என்றார்.

நான் குழந்தையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டினேன்.