சடங்குக்குப் போகாத தெரு

மதத்தைக் காப்பாற்றக் கிளம்பியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கூட்டம் முதல் தடவை எங்கள் சந்துக்குள் வந்தபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மினி லாரியில் மைக் செட், பின்னால் பைக்குகள், எல்லார் நெற்றியிலும் ஒரே நிறத் துண்டு. இம்புட்டு அகலமான மாசி வீதியை விட்டுவிட்டு ரெண்டு ஆட்டோ ஒதுங்க முடியாத சந்துக்குள் அவர்களுக்கு என்ன வேலை? வேலை இருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு முஸ்லிம் வீடு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்று போலீஸ் முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தது. சாத்திக்கொண்டோம். அதைத் தவிர எங்களுக்கு வேறென்ன தெரியும்?

முன்வரிசையில் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரன் வந்தான். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். நேராகப் போய், அந்த முஸ்லிம் வீடுகளில் ஒன்றான தையல்காரி வீட்டு வாசலில் நின்றான். கொடிக் கம்பால் கதவில் ஓங்கி ஓர் இடி இடித்தான்.

“இது யாரு மண்ணுடா? காலி பண்ணிட்டுக் கிளம்புங்க!”

அந்தக் கதவுக்குள்தான் அவன் பெற்ற மகள் வளர்ந்தாள். அவன் பெண்டாட்டி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், வீடு திரும்ப ராத்திரியாகும். ஒண்ணாம் வகுப்பிலிருந்தே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் தையல்காரி வீட்டுக்குத்தான் போகும். அங்கேயே தின்னும், அங்கேயே வீட்டுப்பாடம் எழுதும், மிஷின் பக்கத்தில் சுருண்டு தூங்கும். தையல்காரியின் சொந்தத்துப் பிள்ளைகள் அவளைச் சாச்சி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவதைக் கேட்டு இதுவும் அப்படியே கூப்பிடும். தையல்காரிக்குப் பிள்ளை இல்லை. மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவனை என்ன செய்வது? புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எதிர் ஊர்வலம் நடத்த எங்கள் தெருவில் எவனுக்கும் வக்கில்லை. எங்கள் கையில் இருந்தது ஒன்றுதான். நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருப்பது. மதுரையில் ஒரு மனுஷனை நடுத்தெருவில் நிறுத்த அது போதும்.

நான்தான் ஆரம்பித்தேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஆபீஸ் காகிதங்களை வேறு கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன், பூக்காரியிடம் சொன்னேன், குழாயடியில் சொன்னேன். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பாராமல் தெருவே சேர்ந்துகொண்டது. அவன் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நிற்கும். அவன் பெண்டாட்டி குடத்தோடு வந்தால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். ஒரு நாள் என்னை மறித்து, “காறித் துப்புங்கக்கா, வாங்கிக்கிறேன். ஆளே இல்லாத மாதிரிப் போறீகளே” என்றான். நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உள்ளுக்குள் எம்புட்டு சந்தோஷம் தெரியுமா? அன்று ஒரு வாய் சோறு கூடவே இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை வயசுக்கு வந்தாள். வண்டியூர்ப் பக்கம் மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் வீடு வீடாக வந்தார்கள். எல்லாரும் வாங்கிக்கொண்டோம், ஒருத்தரும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தையல்காரி வீட்டுப் படியை மிதிக்க அவனுக்கு முகமில்லை. அங்கே பிள்ளையே தனியாகப் போனாள், ஜாக்கெட் துணியோடு. நீங்கதான் தைக்கணும் சாச்சி, நீங்கதான் எனக்குப் போட்டுவிடணும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தையல்காரி தைத்தாள். கல்யாணப் பெண் ஜாக்கெட்டுக்குக்கூட அவள் அப்படி மணி கோத்து நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்கும் போகப்போகிறாள் என்று காதில் விழுந்ததும் நான் இன்னும் ரெண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவன் கதவை இடித்தது மறந்துபோச்சா என்று கேட்டேன். மறக்கவில்லை, ஆனால் கதவை இடித்தது பிள்ளை இல்லையே என்றாள். அந்த ஆளோடு எனக்குப் பேச்சில்லை, ஓரமாக நின்று பிள்ளைக்குப் போட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். இல்லாவிட்டால் பிள்ளை என்னை என்ன நினைக்கும் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்காகத்தானேடி ஊரே அவனை ஒதுக்கி வச்சிருக்கு? நீயே போய் அங்க நின்னா நாங்கல்லாம் கேனச் சிறுக்கிகளா? போறதுன்னா போ. அடுத்த தடவை கதவை இடிக்கையில ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டோம்.”

இதற்கு முன்னாலும் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பயந்தாள். இந்தத் தெருவில் அவளுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மணி கோத்த ஜாக்கெட்டை மடித்துப் பையில் போட்டாள். அதை நானே வாங்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் கடைப் பலகையில் பொத்தென்று போட்டேன். “சாச்சி வருமாக்கா?” என்று பிள்ளை உள்ளேயிருந்து கேட்டாள். வர மாட்டாள் என்றேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சடங்கன்று எங்கள் தெருவிலிருந்து ஒரு ஈ காக்கை போகவில்லை. நடந்ததை அவன் போன் ஸ்டேட்டஸில் வைத்த வீடியோவில்தான் பார்த்தேன். மேடையில் பிள்ளை முகம் நிறைய மேக்கப்போடு உட்கார்ந்திருக்கிறாள். கீழே காலி நாற்காலிகள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அதே நிறத் துண்டுக்காரர்கள் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். நாங்கள் உட்கார வேண்டிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், பந்தியை நிறைத்தார்கள். அவர்கள் தலைவன் பிள்ளைக்கு மாமன் முறையில் மாலை போட்டான். மைக்கைப் பிடித்து, இவளைத் தூக்கி வளர்த்ததாகச் சொன்னவர்கள் எங்கே, பார்த்தாயா தங்கம், இனிமேல் நாங்கள்தான் உன் சொந்தம் என்றான். பிள்ளை அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

மறு வருஷம் ஊர்வலம் மறுபடி வந்தது. போலீஸ் சொன்னபடி மறுபடி கதவைச் சாத்திக்கொண்டோம். இந்த முறை முன்னால் பெண் பிள்ளைகள். நடுவில் அவள்தான், நெற்றியில் துண்டு, கையில் மைக். அவள் குரல் கேட்டதும் தெருவில் ஒரே ஒரு கதவு திறந்தது. தையல்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

“ஏம்மா, தொண்டை இப்பிடிக் கட்டியிருக்கே. வெயில்ல இம்புட்டுக் கத்தலாமா?” என்றாள்.

பிள்ளை மைக்கைக் கீழே இறக்கினாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க யாரு?”

கேட்டுவிட்டு மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், அவள் அப்பன் போன வருஷம் கத்தியதை ஒரு எழுத்துப் பிசகாமல் அந்த வாசலைப் பார்த்துக் கத்தினாள். இன்னும் நன்றாகவே கத்தினாள். பின்னால் ஆம்பளைகள் கைதட்டினார்கள்.

கூட்டம் தெருமுனை தாண்டியதும் நான் ஓடினேன். தையல்காரி நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சின்னக் கழுதைக்கு எம்புட்டுத் திமிர் பார்த்தாயா, பெத்தவன் புத்திதானே வரும், இந்தக் குடும்பத்தை இனிமேல்தான் சரியாக ஒதுக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று படபடவென்று பேசினேன். நான் ஓய்ந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவில் கை வைத்தாள்.

“இனிமே எனக்காக நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. வீட்டுக்குப் போங்க.”