டோர்வலினா தூக்கிய பூசணிக்காய்

மினாஸ் மலைப்பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். டோர்வலினாவுக்கு அது முற்றிப்போன கேஸ்.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் அண்டாவைக் கிண்டிக் கிண்டி அவளுடைய வலது தோள் போய்விட்டது. கை மார்புக்கு மேலே எழும்பாது. அரசாங்கத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். சும்மா போய்த் தொலைத்திருக்கலாம் அல்லவா? தோட்டத்தில் விளைந்த எட்டுக் கிலோ பூசணிக்காயோடு போனாள் மகராசி. வாசல்வரை சுமந்தது புருஷன் ஜுவெனால்தான். கதவருகே வந்ததும், "குடுக்கிறவ கையாலதான் குடுக்கணும்" என்று பிடுங்கி, இடது கையாலும் வயிற்றாலும் அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரின் மேசையில் வைத்தாள்.

"எப்படியிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"கடவுள் புண்ணியத்துல நல்லாயிருக்கேன்!"

மனு தள்ளுபடி. எட்டுக் கிலோ எடையைத் தானே தூக்கினார், நலமாக இருப்பதாகத் தானே சொன்னார், வேலைக்குத் தகுதியானவர் என்று கடிதம் வந்தது.

"பூசணிக்காயத் தின்னுட்டு இப்படி எழுத அந்தாளுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கொதித்தாள்.

"உன் கையும் வாயும் சும்மா இருந்திருந்தா ஏன் எழுதப்போறாரு?" என்றான் ஜுவெனால்.

மேல்முறையீடு செய்தார்கள். இதிலும் தோற்றால் திங்கட்கிழமை மறுபடி அண்டா முன்னால் நிற்கவேண்டும். விசாரணை நாள் காலையில், எதையும் கொண்டுபோகமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஜுவெனால் அவளுக்குத் தலை வாரிவிட்டான். அவன் வேலி கட்டுகிறவன். கொண்டையையும் அப்படியேதான் கட்டினான்.

இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா.

"எப்படியிருக்கீங்க?"

"கடவுள் புண்ணியத்துல..." ஜுவெனால் இருமினான். "...நல்லாயில்லைங்க."

"எட்டுக் கிலோவைத் தூக்கினீங்களாமே?"

"தூக்கினேன். பொய் சொல்லமாட்டேன்." ஜுவெனால் தலையில் கைவைத்தான். "மூணு நாள் படுத்த படுக்கை. அதுக்காக வெறுங்கையோட வர முடியுமா? இன்னைக்கு வந்து நிக்கிறேன் பாருங்க, மானமே போகுது!"

கையைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. அது மார்போடு நின்றது. அப்போதுதான் அவர் கண் கொண்டைமேல் விழுந்தது. எழுந்து சுற்றிவந்து பார்த்தார். வகிடு காதுப்பக்கம் போயிருந்தது. கொண்டை ஊசிக்குப் பதில் வேலிக்கம்பி.

"இது யார் கைவேலை?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று சிலிர்த்தான் ஜுவெனால்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "கை எழும்புற பொம்பளை இந்தக் கோலத்துல தெருவுல இறங்குவாளா? பக்கத்து வீட்டுல யாரையாவது வாரிவிடச் சொல்லக்கூடாதாம்மா?"

"இந்த மனுஷன் விட்டாத்தானே? எனக்கு வலிக்குமோ வலிக்குமோன்னு பயந்து பயந்து தினமும் அரைமணி நேரம் வாருறாரு." ஜுவெனால் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார், உதவித்தொகை கொடுக்கலாம் என்று எழுதினார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றாள் டோர்வலினா.

"போட்டாச்சு."

"ஏங்க, நம்ம வண்டி சீட்டுக்கு அடியில பூசணிக்காய் இருக்கு, கொண்டாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் வச்சா, நான் தொடவே இல்ல."

முணுமுணுத்துக்கொண்டே போய் ஜுவெனால் அதைச் சுமந்துவந்தான். கதவருகே அவன் வந்ததும், டோர்வலினாவின் இடது கை தானாக நீண்டது.

"தொட்டீங்கன்னா கையெழுத்தை அடிச்சிடுவேன்!" என்று கத்தினார் டாக்டரம்மா.