இல்லத்தரசி ஒருவர்

1. தை மாதம் அம்மா இறந்துபோனார்.

2. பங்குனியில் அப்பா பரணிலிருந்த பைண்டு புத்தகங்களை இறக்கினார். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அவரே ஊசிநூலால் தைத்தவை. பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்.

3. நான் ஒன்றைப் புரட்டினேன். கதைக்காகக் கிழித்த தாள்களின் பின்பக்கங்களில் வேறு கட்டுரைகளின் துண்டுகள் இருந்தன.

4. அம்மா அடிக்கடி சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. புத்தகங்களைக் கடைக்குப் போடவில்லை.

அம்மா சொன்னது இதுதான்: "நானும் பத்திரிகைல வந்திருக்கேன்." நான் பிறப்பதற்கு முன், ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுத வந்த நிருபர் ஒருவர் அவரிடம் பேசினாராம். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. டிவியில் யாராவது பேட்டி கொடுத்தால், "உங்கம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்ல, பேட்டியெல்லாம் குடுத்தவங்க" என்பார் அப்பா. "எங்கேம்மா, காட்டு பாக்கலாம்" என்பேன் நான். அம்மா சிரித்தபடி அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த நிருபரிடம் என்ன சொன்னாய் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை எனக்கு. எதைத் தேடுவதானாலும் முதலில் ஒரு சொல் வேண்டும். அம்மாவின் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை என்பது முதல் புத்தகத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் மளிகைக்கடைக்காரருக்குப் பெயர் உண்டு. ஆட்டோ ஓட்டுபவருக்குப் பெயரோடு வயதும் உண்டு. வீட்டிலிருக்கும் பெண் மட்டும் 'இல்லத்தரசி ஒருவர்'. ஆகவே பின்பக்கங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, அந்தச் சொல் வரும் இடங்களை ஓர் அட்டவணையில் குறிக்கத் தொடங்கினேன்.

விலைவாசி ஏறினால் இல்லத்தரசி வருகிறார். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் வருகிறார். பட்ஜெட் கட்டுரையில், எல்லாரும் பேசி முடித்தபின், கடைசிப் பத்தியில் வருகிறார். வினைச்சொற்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டேன். ஆண்கள் கூறினார்கள், விளக்கினார்கள், சுட்டிக்காட்டினார்கள். இல்லத்தரசி அங்கலாய்த்தார், அலுத்துக்கொண்டார், பெருமூச்சு விட்டார். ஒரே ஒரு இடத்தில் 'கூறினார்' என்று இருந்தது. அவர் கூறியது தன் கணவரின் கருத்தை.

பட்டியல் நீள நீள எனக்குக் கோபம் வந்தது. அம்மாவையும் இப்படித்தான் பெருமூச்சு விட வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆறாவது புத்தகத்தில் அந்தத் தாள் கிடைத்தது. முன்பக்கத்தில் 'தொடரும்' என்று கதை நிற்கிறது. பின்பக்கத்தில் தண்ணீர் லாரிகளைப் பற்றிய கட்டுரை தொடங்குகிறது. கீழே, கடைசி வரி: "ஆவடியில் குவார்ட்டர்ஸில் வசிக்கும் இல்லத்தரசி ஒருவர்". அதோடு பக்கம் முடிகிறது. மீதி அடுத்த தாளில் இருந்திருக்கும். அதில் கதை இல்லை.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்த ஆன்ட்டி இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறார். நாங்கள் இருக்கும் நெமிலிச்சேரியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்தான். ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதான் பாப்பா. உங்கம்மா தான் இது."

"பேர் போடவே இல்லையே ஆன்ட்டி."

"எப்டிப் போடுவான்? போடாதன்னு சொன்னதே உங்கம்மாதான். கவர்மென்ட் வேல. பேரு வந்து, மேல கீறவன் உங்கப்பாவ கூப்ட்டுக் கேட்டா இன்னா பண்றது? நம்ம லைன்ல எவளும் பேரு குடுக்கல. நான் வாயே தொறக்கல. உங்கம்மாதான் தைரியமா நின்னுகினு பேசிச்சு."

"என்ன பேசினாங்க?"

"நான் லாரிகிட்ட லைன்ல நின்னுகினு இருந்தேன், காதுல உழல. புக்கு வந்தப்பறம் எங்கூட்டுக்கு எடுத்தாந்து படிச்சிக் காட்டிச்சு. பாதி படிக்கசொல்ல கொயால தண்ணி வந்துட்ச்சு. கொடத்த தூக்கிகினு ஓடிட்டேன்." தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். "அப்புறம் படின்னு சொன்னேன். சாயந்தரம் பாத்தா, உங்கப்பா கதைய கிய்ச்சிகினு மிச்சத்த கடைல போட்டுட்டாரு. உங்கம்மா ஒண்ணும் சொல்லல. அப்ப சொன்னா பேட்டி குடுத்தது தெரிஞ்சிடும்ல."

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை தாளைக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் படித்தார். பின்பக்கத்தைப் படித்தார். "கதை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "புதுசு வந்த அன்னைக்கே கிழிச்சிடுவேன். லேட் பண்ணா யாராவது எரவல் வாங்கிட்டுப் போயிடுவாங்க." பிறகு, "அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "திட்டவா போறேன்?"

திட்டியிருப்பார். அது அவருக்கும் தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மீதமிருந்த புத்தகங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். அந்த இதழ் இப்போது வெளிவருவதில்லை. விசாரித்த இரண்டு நூலகங்களிலும் அந்த வாரத்து இதழ் இல்லை. அட்டவணையில் அம்மாவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வினைச்சொல்லுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.