உகாண்டா வழியாக வந்த மருமகள்

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, அம்மா தினமும் பார்த்துவந்த வடநாட்டுத் தொடர் ஒன்றைத் தமிழ் சேனல்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதுவும் எந்த இடத்தில்? ஓரகத்தி தள்ளிவிட்டு, மருமகள் மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்த இடத்தில். அவள் தரைக்கு வந்து சேர்வதற்குள் வேறு தொடர் தொடங்கிவிட்டது. நாங்கள் குடியிருந்த மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் அம்மா துக்கம் காத்தாள்.

"பொழச்சாளா செத்தாளான்னாவது சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?"

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "அதுக்கு என்னைய எதுக்கு மொறைக்கற? நானா தள்ளிவுட்டேன்?" என்பார்.

மாடி அறையில் உகாண்டா நாட்டு அக்கா ஒருத்தி குடியிருந்தாள். பக்கத்துக் கல்லூரியில் பார்மசி படித்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவே புழங்கிய மொத்தத் தமிழ், "தண்ணி வந்துச்சு", "தண்ணி வரலை". ஒருநாள் சாயங்காலம் அவள் அறையிலிருந்து அந்தத் தொடரின் பாட்டு கேட்டது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அக்கா தன் ஊர் டிவி நிகழ்ச்சியின் பதிவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் நாட்டுத் தொடர் உகாண்டாவுக்குப் போய், அங்கத்திய பாஷையைக் கற்றுக்கொண்டு, இணையம் வழியாக எங்கள் மாடிக்கே திரும்பி வந்திருந்தது. கதை அங்கே இன்னும் மலைக்கு வந்திருக்கவில்லை. மாமியார், மருமகள், தொட்டில் குழந்தை எல்லோருக்கும் ஒரே ஆள்தான் குரல், கட்டைக் குரல்.

"இவன் என்னடா, தக்காளி ஏலம் வுடறவன் மாதிரி பேசறான்?" என்றாள் அம்மா. ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அதனால் தினமும் மாடிதான். குடும்பத்தில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் என்று மொழிபெயர்ப்பு வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அக்கா ஆங்கிலத்தில் சொன்னதை யோசித்து, "கணவன் மிகுந்த கோபத்தில் இருக்கிறான்" என்று நான் முடிப்பதற்குள், "அதான் மூஞ்சியிலயே தெரியுதே, நீ நவுரு" என்பாள் அம்மா. சீக்கிரமே வேலை போய்விட்டது.

அக்காவின் ஒரு பழக்கம்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. கதை ஓடும்போது சளசளவென்று பேசுவாள். விளம்பரம் வந்தால் உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்குவாள். சோப்பு, சோள மாவு, எதையும் தள்ளிவிட மாட்டாள்.

"நல்லாத்தான் படிக்குது பாவம், இதப் போயி பாக்குதே" என்று அம்மா என் காதில் முணுமுணுப்பாள்.

மலைக்காட்சி வந்த அன்றுதான் அக்காவுக்கும் இங்கே கடைசி நாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போகிறாள். அன்று விட்டால் எங்களுக்குப் பதிலே கிடையாது. ஓரகத்தி தள்ளினாள். மருமகள் கட்டைக் குரலில் அலறியபடி விழுந்தாள். உடனே விளம்பரம்.

அவள் ஊர்ச் சந்தை ஒன்று. சோப்புக் கம்பெனி வேனைச் சுற்றி ஆட்டம் பாட்டம். அக்கா வீலென்று கத்தினாள்.

"மம்மி! மை மம்மி!"

ஆடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, தலையில் வாழைத்தாரோடு கடந்து போனார். கண் சிமிட்டினால் காணாமல் போகிற அளவுதான். அக்கா விரலால் பின்னுக்கு இழுத்தாள். தார் மறுபடி போயிற்று. மறுபடி இழுத்தாள்.

போனில் ஒரு வரி எட்டிப் பார்த்தது: அன்றைய நெட் தீரப்போகிறது.

"அம்மா, நெட் முடியப் போவுது! கதைய ஓட்டச் சொல்லும்மா!"

அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். முகம் சுருங்கி, "சாரி அம்மா, ஸ்டோரி, ஸ்டோரி" என்று முன்னே தள்ளப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கத கெடக்குது வுடு கண்ணு. உங்கம்மாவ இன்னொருக்கா காட்டு."

கோபத்தில் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அக்கா பின்னுக்குத்தான் இழுத்தாள். வாழைத்தார் இன்னும் இரண்டொரு முறை போனது. பிறகு திரையில் வட்டம் மட்டும் சுற்றியது.

கீழே அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "என்னாச்சு? பொழச்சாளா?"

"மூக்கு அப்படியே அவங்கம்மா மூக்குங்க" என்றாள் அம்மா. "அவ்ளோ பெரிய தாரு, கழுத்து ஆடவே இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்த முடிவைக் கைவிட்டு வந்தவள், பெரிதாக எதையோ பார்த்துவிட்டு வந்தவளைப் போல ஏன் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று.