மிதியில் கட்டிய செருப்பு

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் மட்டும் வீட்டு ஆள் மாதிரி உள்ளேயும் வெளியேயும் நடமாடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அப்பா மாடியேறி ஆன்டெனாவை அட்ஜஸ்ட் செய்வார். சேவூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் அட்ஜஸ்ட் செய்து உட்காருவார். ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தால் டெய்லர் அட்ஜஸ்ட் செய்து தருவார். எதையாவது கொஞ்சம் திருப்பினால், நகர்த்தினால் உலகம் சரியாகிவிடும் என்பது எட்டு வயதில் என் திடமான நம்பிக்கை.

அந்த வருஷம் பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில், செய்யாறில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு பையோடு வந்து இறங்கினாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்கள் யாரும் கொண்டாடவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சத்தமாகச் சொன்னாள்: “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினு போவக் கூடாதாம்மா?” அத்தையிடம் எதைத் திருப்ப வேண்டும் என்று நானும் ஏற இறங்கப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

மத்தியானங்களில் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது அத்தை அவருடைய கைத்தறியில் உட்காருவாள். கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயில் தறியில் நீண்டு கிடக்கும் பாவு நூலின் மேல் பரவி, கூடம் முழுக்க மாம்பழ நிறத்தில் மிதக்கும். நூலோடு குறுக்கே நாடா போய்வரும் சத்தத்தில் நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். அந்த மத்தியானங்கள் முடியவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் படுத்துக் கிடந்தபோதுதான், நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழிக்குள் அத்தையின் கால் எனக்குத் தெரிந்தது. அப்பா உயரமானவர். அவர் காலுக்குத் தோண்டிய குழி அது. அத்தைக்கு மிதிக்கட்டை எட்டவில்லை. விளிம்புக்கு நகர்ந்து நகர்ந்து, விரல் நுனியால் மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே கத்திரிப்பூ நிறத்தில் பெரிதாக ஏதோ இருந்தது.

“சாயம் பட்டுக்கிச்சி கண்ணு,” என்றாள். எங்கள் தெருவில் சாயம் படாத கால் ஏது? நம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யாறிலிருந்து அத்தை புருஷன் மாமாவும் அவருடைய அம்மாவும் அத்தையை அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. கால் எட்டாததால்தான் அத்தை கிளம்புகிறாள், எட்டினால் இருந்துவிடுவாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். காலையிலேயே குழிக்குள் இறங்கி, என் பழைய ரப்பர் செருப்பு இரண்டையும் மிதிக்கட்டைகளின் மேல் வைத்து இழை போட்டு இறுக்கிக் கட்டினேன். தறி இருக்கும் கூடத்துக்குள் செருப்பு நுழைந்தாலே அப்பா கையை ஓங்குவார் என்பது அப்போது நினைவில் இல்லை.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாதான் பேசினாள். “பொம்பளைன்னா அட்ஜஸ்ட் பண்ணிகினுதாங்க போவணும். நாங்கெல்லாம் போவலியா?” அம்மா தலையாட்டினாள். அத்தையின் பை வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா எழுந்தார். பேச்சு வராதபோதெல்லாம் செய்வதைப் போலப் போய்த் தறியில் உட்கார்ந்தார், காலை உள்ளே விட்டார்.

கையில் என் செருப்போடு நிமிர்ந்தார்.

“அய்யய்யோ, தறியில செருப்பா!” என்று மாமாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா என்னைத் தேடி எழுந்தாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்தே அலறினேன்.

“அத்தைக்குக் கால் எட்டலப்பா! அவங்க கால்ல சாயம் வேற பட்டுக்கினு இருக்குது. போன வாரம் கத்திரிப்பூ கலர்ல இருந்திச்சி, இப்போ பச்சையாயிடிச்சி!”

அப்பா நாற்பது வருஷமாகச் சாயத்தைப் பார்ப்பவர். எந்தச் சாயம் அப்படி நிறம் மாறும்? அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை புடவை ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“காபி சாப்டுட்டுக் கெளம்புங்க,” என்றார் அப்பா. “அவ வரமாட்டா.”

மறுநாள் கூடத்தின் மறுபக்கத்தில், பலகை போட்டு மூடியிருந்த தாத்தா காலத்துக் குழியை அப்பா திறந்தார். அத்தையை உட்காரவைத்து, முழங்காலிலிருந்து குதிகால் வரை அம்மாவை ஒரு இழையால் அளக்கச் சொன்னார். அந்த அளவு வரும்வரை மண் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். அளக்கும்போது அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். அம்மாவும் அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செருப்புக்கான அடி எப்போது விழும் என்ற பயம் ஒரு பக்கம். அத்தைக்குப் புதுக் குழி பிடிக்கவில்லை போலிருக்கிறதே என்ற கவலை ஒரு பக்கம். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, பெரிய மனுஷி மாதிரி நானும் சொன்னேன்:

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ அத்தை.”