திரும்பும்போது வாசிக்கும் மார்ச்

வெள்ளிப்பூச்சு உதிர்ந்த குமிழ் வைத்த அந்தக் கோல், இப்போது என் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. பேண்டு மாஸ்டர் அதை உயர்த்தினால் நாங்கள் வாசிக்கத் தொடங்குவோம், இறக்கினால் நிறுத்துவோம். பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர் அவர். வேலை நாட்களில் எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அதே கம்பெனி ஆபீசில் இருந்த நான் அவருடைய பேண்டில் சைடு டிரம் அடித்தேன்.

ஊர்க்காரர்களுக்கு நாங்கள் எதை வாசித்தாலும் ‘பேண்டு செட்’தான். அவருக்கு அப்படியல்ல. கல்யாண ஊர்வலத்துக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் குவிக் மார்ச். சவ ஊர்வலத்துக்கு ஸ்லோ மார்ச். நாங்கள் காலை இழுத்து நடந்தால், “ஸ்லோ மார்ச்னா தூக்கத்துல நடக்கறதில்லீங்க கண்ணு” என்பார். பட்டாளத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது குவிக் மார்ச் வாசிப்பார்களாம், இருப்பவர்கள் மறுபடி நடக்க வேண்டும் என்பதற்காக. இதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எங்கள் டிரம்பெட்காரனுக்கு 2004இல் கல்யாணம். தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே அது ஈஸ்டருக்குப் பிறகுதான். அந்த வருடத் தீபாவளி போனஸுக்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கல்லறையிலிருந்து திரும்புகையில் மாஸ்டர் கோலை உயர்த்தினார். நாங்கள் குவிக் மார்ச் வாசித்தோம். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் அம்மா நின்றுவிட்டார்.

“மாஸ்டருங்க, எம்பையன் கல்யாணத்துக்கு வாசிச்சதுதானுங்களே இது? அவனைக் குழியில போட்டுட்டு ஊர்கோலம் போறீங்களா?”

“பட்டாளத்துல திரும்பி வர்றப்ப இப்படித்தானுங்க அம்மிணி…”

“எம்பையன் பட்டாளத்துக்காரன் இல்லீங்க.”

கோல் இறங்கியது. அதன் பிறகு எந்தச் சாவிலும் திரும்பும்போது அவர் அதை உயர்த்தவில்லை.

அந்த அம்மா அதே கம்பெனியில் செக்கிங். அவர் பார்த்து அனுப்பும் துணிதான் அயர்ன் மேஜைக்கு வர வேண்டும். துணி வந்தது, பேச்சு வரவில்லை. “வாசிக்கறதுக்கு முன்னாலயே அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்” என்று டீ குடிக்கும்போதெல்லாம் மாஸ்டர் சொல்வார். இப்போதாவது சொல்லுங்களேன் என்றேன். “இப்பச் சொன்னா சாக்குச் சொல்றாப்புல இருக்குமுங்க” என்றார்.

2009இல் மாஸ்டர் இறந்தார். ஸ்லோ மார்ச் வாசித்துக் கொண்டுபோனோம். அடக்கம் முடிந்ததும் வாத்தியங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்காமல் திரும்பினோம். கல்லறை வாசலில் அந்த அம்மா வழியை மறித்தாற்போல் நின்றார்.

“ஏனுங்க சும்மா வர்றீங்க? திரும்பி வர்றப்ப வாசிப்பாங்கன்னு அன்னிக்குச் சொன்னாரே. வாசிங்க.”

பாதியில் நின்ற அந்தப் பேச்சை அத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். கோல் உயர்த்த ஆளில்லாமல் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கினோம். கல்லறைச் சுவர் முடிகிற இடத்தில்தான் தாளம் கூடியது. அந்த அம்மா எங்களோடு நடந்தார். அதைக் கேட்டிருக்க வேண்டியவரைத்தான் உள்ளே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

வீடு கூட்டும்போது சில நாட்களில் கோல் சாய்ந்துவிடுகிறது. எடுத்து நிமிர்த்தி வைக்கிறேன். ஒருநாளும் உயர்த்திப் பார்த்ததில்லை.