உம்மாவின் கட்டிலைச் சுற்றிய திரை

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் காசை எடுப்பதில்லை. புத்தளம் சந்தையில் என்னைக் கண்டதும் வியாபாரிகள் தாங்களே செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்படிக் காட்டுகிற மீனை நான் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளிடம்தான் என் தம்பி, உம்மாவை முதியோர் இல்லத்தில் விடுவோம் என்று சொன்னான்.

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதட்டலும் குறையவில்லை. பல மாதம் நான்தான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. அதைவிடப் பெரிய கவலை சாப்பாடு. சோற்றைக் குழைத்துக் கரண்டியால் ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் உதட்டைத் திறக்கமாட்டார். நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனார். பசி செத்துவிட்டது என்றார் டாக்டர். தம்பி கத்தாரில் இருந்துகொண்டே, கல்பிட்டி வீதியில் களப்பைப் பார்த்தபடி இருக்கிற ஓர் இல்லத்தோடு பேசி முடித்துவிட்டான்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு மாதம் பார்ப்பேன். ஒரு குறை கண்டாலும் வேன் பிடித்து உம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன், இடுப்பு முறிந்தாலும் பரவாயில்லை. தம்பி உடனே ஓம் என்றான். அவன் அவ்வளவு சுலபமாக ஓம் என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே போகும்போதெல்லாம் நான் நலம் விசாரிக்கிறவளாகப் போகவில்லை. தலையணையை முகர்ந்து பார்த்தேன். உம்மாவைச் சரித்து முதுகையும் குதிகாலையும் தடவிப் பார்த்தேன், படுக்கைப்புண் இல்லை. தண்ணீர்க் கூசாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வழுக்கவில்லை. தொழுகைக்குக் கதிரையைக் கிப்லாப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்துதான் திருப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில்காரிகளிடம் எப்படி என்று கேட்டால் எல்லாருமே நல்லம் என்றார்கள். நாலு பெண்கள் ஒரே மாதிரிக் கதைத்தால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். உம்மாவின் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. வீக்கமோ என்று அழுத்திப் பார்த்தேன். உம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

எதுவும் அகப்படாதது என்னை இன்னும் குடைந்தது. ஒருநாள் அது அகப்பட்டது.

உம்மாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகளில் மஞ்சள் ஏறியிருந்தது. நகக்கண்ணில் மீன் ஆணக் குழம்பு வாசம். எனக்குத் தலைக்கு இரத்தம் ஏறிவிட்டது. வலது கை விழுந்த மனுசி தன் இடது கையால் சோறு அள்ளித் தின்றிருக்கிறார், ஊட்டிவிட அங்கே ஒரு நாதியில்லை. அதுவும் யார்? இடது கையைச் சோற்றுக்குக் கிட்டவே கொண்டுவரவிடாத என் உம்மா. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் அந்தக் கை சோற்றுப் பீங்கானில் பட்டால் அகப்பைக் காம்பால் புறங்கையில் ஒரு போடு விழும். மூத்தவர்களுக்கு முன்னாலும் விழும், விருந்தாளிகளுக்கு முன்னாலும் விழும். அழுதுகொண்டே வலது கைக்கு மாறினேன். எழுதுவதும் தைப்பதும் இன்றைக்கும் இடது கையால்தான், சாப்பாடு மட்டும் வலது கையால்.

கைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். உம்மா கையை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயந்துபோயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பார்வையாளர்களை மாலையில், அசர் தொழுகைக்குப் பிறகுதான் விடுவார்கள். மறுநாள் நான் பகல் சாப்பாட்டு நேரத்துக்கே போனேன். வேனையும் கொண்டுபோய் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, வாயிலில் மறித்தவரைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்தேன். மண்டபத்தில் மற்றவர்கள் வரிசையாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் கட்டிலை மட்டும் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்கு வெளியே ஸ்டூல் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பணிப்பெண் சும்மா இருந்தாள். உடப்பு ஊரிலிருந்து வருகிறவள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். என்னைக் கண்டதும் எழும்பிக் கையை விரித்து மறித்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். மறைக்கிற இடத்தில் பொறுக்க நான் என்ன பைத்தியமா? அவளை விலக்கிவிட்டுத் திரையை இரண்டு விரல் அளவு நீக்கினேன்.

உம்மா நிமிர்ந்து இருந்தார். மடிப்பலகையில் பீங்கான். இடது கையால் ஓரா மீனின் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைத்தார். சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், ஒரு பருக்கை சிந்தாமல் வாயில் வைத்தார். பீங்கானில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. உம்மா இப்படி ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவோ காலம்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஊட்டப்போனா வாயத் திறக்கமாட்டா அக்கா. ஏன் எண்டு கேட்டன். தனிய விட்டா சாப்பிடுவன், ஆனா ஒருத்தரும் பார்க்கக்கூடாது எண்டு சொன்னா. அதான் திரையப் போட்டுட்டுத் திரும்பி இருக்கிறன். இருமினா மட்டும் பார்ப்பன்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். அவள் தயங்கினாள்.

"ஆருக்குத் தெரிஞ்சாலும் மகளுக்குத் தெரியக்கூடாது எண்டவ."

களப்பிலிருந்து உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பொறாமையும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். நான் கரண்டியோடு மல்லுக்கட்டிய அத்தனை மாதமும் உம்மாவுக்குப் பசி இருந்திருக்கிறது. கேட்க வேண்டியதை இந்த அந்நியப் பெண் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதிலும் ஏதாவது ஓட்டை இருக்குமா என்று என் மனம் அப்போதும் தேடியது. என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே, எங்கே போய்த் தேட?

அவள் உள்ளே போய்த் தண்ணீர்ச் சட்டியை வைத்துக் கைகழுவ விட்டாள். திரை விலகியது. நான் அப்போதுதான் வருகிறவள் மாதிரி வந்து கட்டிலோரம் இருந்தேன். உம்மாவின் இடது கை போர்வைக்குள் போயிருந்தது.

"சாப்பிட்டீங்களா உம்மா?"

"ஓம். அந்தப் புள்ள ஊட்டிவிட்டிச்சு" என்றார், என் கண்ணை நேராகப் பார்த்து.

போர்வைக்கு வெளியே மூன்று விரல்களின் நுனி தெரிந்தது. எவ்வளவு கழுவியும் போகாத மஞ்சள். நல்லம் உம்மா என்று சொல்லி, போர்வையை இழுத்து அந்த விரல்களை மூடிவிட்டேன். பிறகு வெளியே போய் வேனைத் திருப்பி அனுப்பினேன்.